கெம்பம்மாவின் நெஞ்சு மாத்திரை

குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அன்று கெம்பம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். கிணற்றடியிலிருந்து புளியமரத்தடிக் கடை வரைக்கும் அவள் எங்கேயும் நிற்காமல் நடந்து வந்தாள். குடங்களை இறக்கி வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா அப்படிப் பாக்கறீங்க? மோர் வேணும்னா மோர் கேளுங்க, சுண்டல் வேணும்னா சுண்டல் கேளுங்க. சும்மா நின்னீங்கன்னா மாட்டு வாலுதான் மூஞ்சியில அடிக்கும்."

மாட்டுத் தரகர் கரியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "மோரு கெடக்கட்டும்மா. நெசமாவே உன் நெஞ்சத் தொறந்தாங்களா?"

"தொறந்தாங்கண்ணா. விலாப் பக்கம் கீறி, வெரல உள்ள உட்டு, ஒட்டிக்கிட்டு இருந்த கதவப் பிரிச்சு உட்டாங்களாம்."

"உனக்கு வலிக்கல?"

"நான் எங்க பாத்தேன்? கல்யாணம் ஆனதுல இருந்து அன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தள்ளி வண்டிமாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் சம்பங்கியும் சேர்ந்து சிரித்தான்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த சமயம் அது. புதுக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஆச்சரியப்பட்டவர்கள்கூட, நெஞ்சை அறுத்துக்கொண்டு வந்து குடம் தூக்குகிற பெண்ணைப் பார்த்ததும் காசை மறந்தார்கள். பெண்கள் அவளை வண்டி மறைவுக்குக் கூட்டிக்கொண்டு போய், ரவிக்கையை ஒதுக்கச் சொல்லி அந்தத் தழும்பைப் பார்த்தார்கள். சிலர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கெம்பம்மாவுக்குக் கூச்சமாகவும் இருந்தது; உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது.

சந்தோஷப்பட அவளுக்கு உரிமை இருந்தது. தளிப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்த நாள் முதலாக அவள் கேட்டதெல்லாம் ஒரே பேச்சுதான்: சோம்பேறி. நாலு வாளி இறைத்தால் உட்கார்ந்துவிடுவாள். களை எடுக்கப் போனால் வரப்பு ஏறும்போதே மூச்சு வாங்கும். ராத்திரி படுத்தால் திணறும் என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்குவாள். "வேலைன்னா மட்டும் வந்துரும் இவளுக்கு மூச்சு" என்று ஓரகத்தி வெள்ளையம்மா நாலு பேர் கேட்கச் சொல்வாள். வெள்ளையம்மா சம்பங்கியின் அண்ணன் நாராயணப்பனின் மனைவி. பக்கத்து வீடு. நிலத்து வேலை, மாட்டு வேலை, சமையல் எல்லாவற்றையும் தனியாளாக இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறவள். அவளுக்குக் கெம்பம்மாவைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் கிணற்றடியில் கெம்பம்மா இருமி, ரத்தமாகத் துப்பிச் சாய்ந்தாள். சம்பங்கி அவளை வண்டியில் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரி சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். அங்கே இருந்த டாக்டர் ஜோதியம்மாள் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா என்று விசாரித்தார். பிறகு சம்பங்கியிடம், "இவ சோம்பேறி இல்லப்பா. இதயத்துல ஒரு கதவு ஒட்டிப்போயிருக்கு. இந்த இதயத்த வெச்சுக்கிட்டு இவ இத்தன நாள் வேல செஞ்சதுதான் அதிசயம்" என்றார். கெம்பம்மா அதைக் கேட்டு அழுதாள். தன்னைச் சோம்பேறி இல்லை என்று ஒருவர் சொல்லிக் கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

டாக்டரே வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த மாதிரி ஆபரேஷன் அப்போதுதான் நம் பக்கத்தில் ஆரம்பித்திருந்தது. கெம்பம்மா பிழைத்துக்கொண்டாள். கண் விழித்த மறுநாள், தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து ஒரு முழு மூச்சு இழுத்துவிட்டு, "அய்யய்யோ தேவரே, காத்து இவ்வளவு ருசியா இருக்குமா!" என்று தன் தாய்வீட்டுக் கன்னடமும் தமிழும் கலந்து கூவினாளாம். நர்சுகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வரும்போது ஒரு சின்ன பாட்டிலில் மாத்திரைகள் கொடுத்திருந்தார்கள். கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளை வெளேரென்று இருக்கும். தினம் காலையில் ஒன்று. தீரும்போது கிருஷ்ணகிரிக்குப் போய் டாக்டர் ஜோதியம்மாளிடம் நாடி காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும்.

"கதவத் திறந்து விட்டாச்சும்மா" என்று டாக்டர் விளக்கினார். "ஆனா இத்தன வருஷம் திணறின இதயம், இன்னும் தாறுமாறாத்தான் ஓடும். இந்த மாத்திரை அத மெதுவாக்கி, ஒழுங்கா, பலமா அடிக்க வைக்குது. நிறுத்தினா பழையபடி தறிகெட்டு ஓடும். கூடிப்போனா ரொம்ப மெதுவாகி, நின்னாலும் நின்னுடும். நல்லது செய்யற அளவுக்கும் கெட்டது செய்யற அளவுக்கும் நடுவுல இடம் கொஞ்சம்தான். புரியுதா?"

"புரியுது டாக்டரம்மா."

"வாந்தி வருதா? சோறு பிடிக்காமப் போகுதா? பார்க்கிறதெல்லாம் மஞ்சளாத் தெரியுதா?"

கெம்பம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மஞ்சள் பூசுனாத்தான் மஞ்சளாத் தெரியும். மாத்திர தின்னா எப்படிங்க தெரியும்?"

"சிரிக்காதே. ஒவ்வொரு தடவையும் கேப்பேன். நீ பதில் சொல்லணும்."

புரிந்தது என்று அவள் சொன்னாளே தவிர, அவள் மனதில் தங்கியது ஒன்றே ஒன்றுதான். மூச்சு வாங்குகிறவர்களுக்கு இது அமிர்தம்.

அதனால்தான் அடுத்த சந்தையில் கரியப்பன் மோர் குடிக்க வந்து, இரண்டு வாய் குடிப்பதற்குள் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு மரத்தில் சாய்ந்தபோது, அவளால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அவர் விடாமல் பீடி குடிக்கிறவர். மூச்சில் விசில் சத்தம் கேட்கும். கெம்பம்மாவுக்கு அந்த விசில் கேட்கவில்லை. தான் கிணற்றடியில் பட்ட பாடுதான் கண்ணில் தெரிந்தது. இடுப்பில் செருகியிருந்த பாட்டிலை எடுத்தாள்.

"இந்தாண்ணா. நாக்குல போட்டு மோரக் குடி. யாருகிட்டயும் சொல்லாத."

கரியப்பன் சந்தை முழுக்கச் சொன்னார். அடுத்த சந்தைக்கு வந்து மரத்தடியில் நின்றுகொண்டு, "ஒரே ஒரு மாத்திர! இளங்காள மாதிரி ஆயிட்டேன்!" என்று முழங்கினார். மாத்திரையால் ஆனாரோ, அன்று மழை பெய்து தூசி அடங்கியதால் ஆனாரோ, யாருக்குத் தெரியும்? ஆனால் மாட்டை விற்கிற வாய் அது. நம்பாமல் இருக்க முடியாது. அதன்பிறகு மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறவர், நெஞ்சு படபடக்கிறவர், ராத்திரி தூக்கம் வராதவர் என்று கெம்பம்மாவின் கடைக்கு வரிசையாக வர ஆரம்பித்தார்கள். அவள் எல்லாருக்கும் கொடுக்கவில்லை. நிஜமாகவே திணறுகிறவர்கள் என்று தனக்குத் தோன்றியவர்களுக்கு மட்டும் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் முகம் மலர்ந்துவிடும். தனக்குக் கிடைத்ததைப் பகிர்ந்துகொள்கிறோம் என்ற நிறைவு அது.

மாத்திரை சீக்கிரமே தீர்ந்தது. கிருஷ்ணகிரிக்குப் போனாள்.

"ஏம்மா, அதுக்குள்ள தீர்ந்துபோச்சா?"

"எலி உருட்டிக்கிட்டுப் போயிருச்சு டாக்டரம்மா."

டாக்டர் ஒரு தடவை அவளை உற்றுப் பார்த்தார். வெளியே நோயாளிகள் கூட்டம். மறுபடி கொடுத்து அனுப்பினார்.

இந்தச் சமயத்தில்தான் வெள்ளையம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வெறுங்காலோடு சேற்றிலும் சாணத்திலும் உழைக்கிறவள். முகம் கொஞ்ச நாளாகவே வெளுத்து, கண்ணைச் சுற்றி வீங்கியிருந்தது. ஒருநாள் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் எடுத்துப் போகும்போது பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். நாராயணப்பன் மாட்டுத் தொழுவத்திலிருந்து கத்தினார்: "ஏய், அங்க என்னா குந்திக்கிட்டு இருக்க? தம்பி பொண்டாட்டிகிட்ட இருந்து சோம்பேறித்தனம் ஒட்டிக்கிச்சா?"

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற கெம்பம்மாவின் காதில் அது விழுந்தது. பழி வாங்க நினைக்கிறவளாக இருந்தால் அன்று அவளுக்குத் திருவிழாவாக இருந்திருக்கும். அவளோ வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடி, வெள்ளையம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

"அக்கா, மூச்சு அடைக்குதா?"

"ஒண்ணுமில்ல, போ."

"எனக்குத் தெரியும்க்கா. பட்டவளுக்குத் தெரியாதா?"

வெள்ளையம்மா வீம்புக்காரி. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் திருப்பிய முகத்தில் கண்ணீர் வழிந்தது. கெம்பம்மா அவள் உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைத்து மூடினாள்.

அந்த ஒன்றில் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் இரண்டு கொடுத்தாள். அதிலும் ஆகவில்லை. "உனக்கு நோவு முத்திப்போச்சு போல" என்று சொல்லிக் காலையிலும் சாயங்காலமும் கொடுத்தாள். கைவசம் இருந்தது குறையக் குறைய, தனக்கு எடுப்பதை நிறுத்திவிட்டாள். எனக்குத்தான் கதவைத் திறந்தாயிற்றே, இன்னும் எதற்கு மாத்திரை? பாவம், அக்காவுக்கு அல்லவா இன்னும் திறக்கவில்லை!

சில நாட்களில் அவள் நெஞ்சுக்குள் பழைய விருந்தாளி எட்டிப் பார்த்தது. பிடித்துவைத்த கோழி படபடப்பது போல ஓர் அடிப்பு. குடத்தை நடுவழியில் இறக்கிவைக்க வேண்டியிருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, கால் முள்ளை எடுப்பது போலக் குனிந்து நின்று மூச்சை மீட்டுக்கொண்டாள். சம்பங்கியிடமும் சொல்லவில்லை. ஊரே அதிசயமாகப் பார்த்த கெம்பம்மா மறுபடி மூச்சு வாங்கினால் என்ன சொல்வார்கள்? அந்தப் பழைய பெயரை மறுபடி சூட்டிவிடுவார்களே என்று பயந்தாள்.

வெள்ளையம்மாவோ சோற்றைக் கண்டாலே ஓங்கரித்தாள். சாப்பிட்டதெல்லாம் வாந்தி. அப்படியிருக்கும்போது ஒருநாள் விடிந்ததும் பக்கத்து வீட்டில் பெரிய ரகளை கேட்டது.

"எந்த ஊருக் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த? எவ மஞ்சத் தண்ணி ஊத்துனா உம்மேல?" வெள்ளையம்மா கட்டிலில் சாய்ந்தபடி நாராயணப்பனின் வேட்டியைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தாள்.

"அடியேய், வெள்ள வேட்டிடி இது! நேத்துத்தான் வெளுத்து வந்துச்சு!"

"எங்கண்ணு என்னா குருடா? மஞ்சளா இருக்கறத மஞ்சள்னு சொன்னா, வெள்ளைங்கற! அந்த மாட்டயும் பாரு. வெள்ள மாட்டுக்கு எவன் மஞ்சள் பூசி உட்டான்? பொங்கலா வந்துச்சு?"

அக்கம்பக்கத்தார் வேலியோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாராயணப்பன் வேட்டியை அவிழ்க்கவும் முடியாமல், கட்டியிருக்கவும் முடியாமல் திண்டாடினார். சம்பங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கெம்பம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. பார்க்கிறதெல்லாம் மஞ்சளாத் தெரியுதா? டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பார். அவள் ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள்.

ஓடிப்போய் வெள்ளையம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு துடிப்பு. அடுத்தது எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இன்னொன்று. கை ஜில்லென்றிருந்தது.

"வண்டியப் பூட்டுங்க!" என்று அலறினாள். "நான் பாவி, அக்காவுக்கு என் மாத்திரைய அள்ளி அள்ளிக் குடுத்துட்டேன்! அக்காவக் கொன்னுட்டேன்!"

சிரிப்பு அங்கேயே நின்றது. நாராயணப்பன் மனைவியைத் தூக்கி வண்டியில் கிடத்தினார். சம்பங்கி மாட்டை விரட்டினான். ரோட்டுக்கு வந்தபோது கிருஷ்ணகிரி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கெம்பம்மா வண்டியிலிருந்து குதித்து, "நில்லுங்க! நில்லுங்க!" என்று கையை ஆட்டிக்கொண்டு ஓடினாள். பஸ் நின்றது. ஆனால் அவள் நெஞ்சு நிற்கவில்லை. கண்டபடி அடித்தது. மூச்சு உள்ளே போகவில்லை. பஸ் படியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தாள்.

"கெம்பி! உனக்கு என்னா ஆச்சு?" என்று சம்பங்கி ஓடி வந்தான்.

"எனக்கு ஒண்ணுமில்ல, சும்னிரு, பேசாத. அக்காவ மொதல்ல ஏத்து" என்று அந்தத் திணறலிலும் அவனை அதட்டினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜோதியம்மாள் இரண்டு கட்டில்களுக்கு நடுவில் நின்றார். இந்தப் பக்கம் குழாயை வைத்துக் கேட்டார். அந்தப் பக்கம் வைத்துக் கேட்டார். ஒரு பெண்ணின் இதயம் நடக்கவே யோசிக்கிறது. இன்னொரு பெண்ணின் இதயம் நிற்காமல் ஓடுகிறது.

"எலியா?" என்று கேட்டார்.

கெம்பம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் ஒளிக்கவில்லை. "எலி இல்ல டாக்டரம்மா. நான்தான். என்னைய என்ன வேணும்னாலும் பண்ணுங்க. அக்காவ மட்டும் காப்பாத்திருங்க."

டாக்டருக்குக் கோபம் இருந்தது. ஆனால் கோபப்பட நேரம் இல்லை. வெள்ளையம்மாவுக்கு ஊசி போட்டு, பாட்டில் மருந்து ஏற்றி, பக்கத்திலேயே ஒரு நர்சை உட்கார வைத்து நாடியைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். கெம்பம்மாவுக்கு அவளுடைய மாத்திரையை அளவு பார்த்து மறுபடி ஆரம்பித்தார். அன்று பகல் முழுக்க நாராயணப்பன் வராந்தாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் தம்மைத் திட்டிய வாய் இன்னும் ஒரு தடவை திட்டாதா என்று அவர் ஏங்கியதைச் சம்பங்கி தவிர யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளையம்மாவின் நாடி மெல்ல மெல்ல ஏறியது. அதற்கடுத்த நாள் அவள் கண்ணைத் திறந்து, பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள்.

"கெம்பி. நர்சம்மா சேல இன்னா நெறம்?"

"வெள்ளக்கா."

"எனக்கும் வெள்ளையாத்தான் தெரியுது" என்றாள் வெள்ளையம்மா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியாது. சிரிக்கக் கூடாது, படுத்திருக்க வேண்டும் என்று நர்ஸ் வந்து அதட்டும்வரை சிரித்தார்கள். அப்புறம் வெள்ளையம்மா மெதுவாகச் சொன்னாள்:

"உன்னச் சோம்பேறி சோம்பேறின்னு எத்தன நாளு வாய்க்கு வந்தபடி பேசுனேன். அன்னைக்கு என் புருஷன் அதே வார்த்தைய என்னச் சொன்னப்பதான் அது எப்படிச் சுடும்னு தெரிஞ்சுது. அதுக்குள்ள நீ ஓடி வந்து முதுகத் தடவுற. எனக்கு வெக்கமாப் போச்சு கெம்பி."

"நான் உன்னக் கொல்லப் பாத்தவ. நீ எங்கிட்ட வெக்கப்படறியா?"

"நீ கொல்லப் பாக்கல. பாசத்துல புத்தி கெட்டுப்போச்சு, அவ்வளவுதான்."

கேட்டுக்கொண்டே வந்த டாக்டர், "அந்தப் புத்தி கெட்ட பாசம்தான் ஊருக்கு ஊர் நடக்குது" என்றார். கட்டிலோரம் உட்கார்ந்து வெள்ளையம்மாவின் கீழ் இமையைப் பிதுக்கிக் காட்டினார். "பாரு, துளி சிவப்பு இல்ல. இந்த அம்மா இதயத்துல ஒரு கோளாறும் இல்ல. உடம்புல ரத்தம்தான் இல்ல. வெறுங்காலோட சேத்துல நடந்து, கால் வழியா ஏறின கொக்கிப்புழு குடல்ல உக்காந்துக்கிட்டு ரத்தத்தக் குடிக்குது. புழுவ வெளியேத்தி, இரும்புச்சத்து மருந்து குடுத்தா மூச்சு வாங்கறது தன்னால நிக்கும். நல்லா இருக்கற இதயத்துக்கு நீ கடிவாளம் போட்டு இழுத்திருக்க கெம்பம்மா. கடிவாளம் வேண்டிய உன் இதயத்த அவுத்து விட்டுட்ட."

கெம்பம்மா எழுந்து உட்கார்ந்தாள். "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதானே டாக்டரம்மா மூச்சு வாங்குச்சு?"

"மூச்சு ஒரே மாதிரிதான் வாங்கும். காரணம் வேற வேற. அதக் கண்டுபிடிக்கத்தான் நாங்க இந்தக் குழாயக் கழுத்துல மாட்டிக்கிட்டு அலையறோம்."

நாராயணப்பன் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டார். சாயங்காலம் கடைத்தெருப் பக்கம் போனவர், ஒரு ஜோடிச் செருப்போடு வந்தார். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் வயலுக்குச் செருப்புப் போட்டுப் போவது வழக்கமில்லை. அவர் செருப்பைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். வெள்ளையம்மா எட்டிப் பார்த்தாள்.

"அளவு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. குத்துமதிப்பா வாங்கினேன்."

போட்டுப் பார்த்தாள். ஒரு விரற்கடை பெரிதாக இருந்தது. "பரவால்ல. ரத்தம் ஊறுனா காலும் ஊறும்" என்றாள். நாராயணப்பன் முகத்தில் அன்றுதான் சிரிப்பு வந்தது.

இருவரும் ஒன்றாகவே வீடு திரும்பினார்கள். சம்பங்கி மாட்டுக் கொம்பில் சாமந்தி சுற்றி வண்டியை ரோட்டோரம் நிறுத்தியிருந்தான். வெள்ளையம்மா வண்டியிலிருந்து செருப்புக் காலோடு இறங்கியதைப் பார்க்க ஒரு கூட்டம் கூடியது.

ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. கெம்பம்மா தன்னிடம் மாத்திரை வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் போனாள். நல்லவேளை, மற்றவர்களுக்கு ஒன்றோ இரண்டோதான் போயிருந்தது. கெடுதல் ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் நின்று, "நான் செஞ்சது தப்பு. உங்களுக்கு நெசமான நோவு என்னான்னு எனக்குத் தெரியாது. கெளம்புங்க, பாக்கலாம்" என்றாள். மாத்திரை கொடுத்தபோது கும்பிட்டவர்கள், கிளம்பச் சொன்னபோது ஆயிரம் சாக்குச் சொன்னார்கள். அவள் விடவில்லை. ஒத்தாசைக்கு வெள்ளையம்மாவும் வந்து வாசலில் நின்று, தனக்கு வேட்டி மஞ்சளாகத் தெரிந்த கதையைச் சொன்னாள். அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே துணி மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள்.

அப்படி ஒரு காலைவேளையில், மூச்சு வாங்குகிறவர்களாகவே பார்த்துப் பொறுக்கி எடுத்த ஒரு கூட்டம் குந்தாரப்பள்ளியில் பஸ் ஏறியது. ஒவ்வொருவரும் ஒரு படி ஏறி ஒரு தடவை நின்றார்கள். கண்டக்டர் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு, "என்னம்மா, கல்யாணமா?" என்றான்.

"ஆமாய்யா" என்றாள் கெம்பம்மா. "மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்குது. மெதுவா ஓட்டச் சொல்லு."

மாப்பிள்ளை என்றது கடைசியாக வேண்டா வெறுப்பாக ஏறிய கரியப்பனை. பஸ்ஸே சிரித்தது. வழியில் அவர் இருமிக்கொண்டே முணுமுணுத்தார்: "எதுக்கும்மா இந்த அலைச்சல்? உன் மடியில இருக்கற பாட்டிலத் தொறந்து பழையபடி ஒண்ணு குடுத்திருந்தா, இந்நேரம் நான் ரெண்டு மாடு வித்திருப்பேன்."

கெம்பம்மா பாட்டிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். குரலில் கேலி போய்விட்டது. முன் சீட்டு வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"கேளுண்ணா. மூச்சு வாங்கறது எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா எனக்கு வந்தது கதவுல, எங்க அக்காவுக்கு வந்தது ரத்தத்துல. உனக்கு அந்த பீடியிலயோ என்னமோ, அது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. என் உயிரக் காப்பாத்துன மாத்திரையே அவ உயிர எடுக்கப் பாத்துச்சு. டாக்டர் பாத்து எழுதிக் குடுத்தவங்களுக்குத்தான் அது மருந்து. மத்தவங்களுக்கு வெஷம். ஒருத்தர் திணறுறதப் பாத்து நம்ம மனசு எரங்குச்சுன்னா, நம்ம மருந்த எடுத்து நீட்டக் கூடாதுண்ணா. அவங்க கையப் புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போவணும்."